எக்செப்ஷன்: விதிவிலக்கா, பிறழ்வா?

நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளிடம் "எக்செப்ஷன்னா என்ன?" என்று கேட்டால், தண்டையார்பேட்டையானாலும் வியாசர்பாடியானாலும் ஒரே பதில்தான் வரும்: "எரர் அடிக்கும் சார்." பேச்சுக்கு அது போதும். நிரலைச் சோதிக்க உட்காரும்போது போதாது. பிழை வேறு, எக்செப்ஷன் வேறு. வேறென்றால் அதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'காபெரே' என்றால் எடுத்தல். இரண்டும் சேர்ந்த 'எக்ஸிபெரே' என்பதற்குத் தனியே எடுத்து ஒதுக்குதல் என்று பொருள். பொதுவிதியிலிருந்து ஒன்றை ஒதுக்கி வைப்பது என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பொருளுக்கு 'விதிவிலக்கு' கச்சிதமான தமிழ். நம் இலக்கண நூல்களில் விதிக்குள் அடங்காமல் நின்றவற்றுக்கு இடம் கொடுக்கும் நூற்பாவைப் 'புறனடை' என்பார்கள். அதுவும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல்தான்.

கணினிக்கு வந்ததும் பொருள் நகர்ந்துவிட்டது. 1960களில் ஐபிஎம் உருவாக்கிய பிஎல்/1 மொழியில் இதற்குக் 'கண்டிஷன்' என்றே பெயர். 1975இல் ஜான் குட்இனஃப் 'எக்செப்ஷன் ஹேண்ட்லிங்' என்ற தலைப்பிலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஒரு செயலைச் செய்யும்போது தென்படும் நிலையை, அந்தச் செயலை ஏவியவரின் கவனத்துக்குக் கொண்டுபோவது என்று அதில் விளக்குகிறார். 'தவறு' என்ற பேச்சே அந்த விளக்கத்தில் இல்லை. "இதற்கு மேல் என்னால் முடியாது, என்ன செய்வதென்று நீ சொல்" என்று கீழே இருப்பது மேலே இருப்பதிடம் ஒப்படைப்பதுதான் எக்செப்ஷன்.

காசிமேட்டுத் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. விசைப்படகு கரை சேர்ந்து, மீன் ஏலம் போய், டீசலும் ஐஸும் கழித்தபின் ஆட்களுக்கென்று ஒதுக்கிய தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டே வரி. ஆள் எண்ணிக்கையை 'இன்ட்' கொண்டு எண்ணாக்கு, தொகையை அதால் வகு.

ஆள் எண்ணிக்கையில் 0 கொடுத்தால், 0ஆல் வகுக்க முடியாது என்று சொல்லும் 'சீரோடிவிஷன்எரர்' என்ற எக்செப்ஷன் எழும். 'எட்டு' என்று எழுத்தால் எழுதினால், இந்த மதிப்பு செல்லாது என்று சொல்லும் 'வேல்யூஎரர்'. தமிழ் எண்ணில் ௮ என்று கொடுத்தால்? ஒன்றும் எழாது, பைத்தான் அதை 8 என்றே வாசிக்கும். ௧௦ கொடுத்தாலும் 10 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பத்துக்கான பழைய குறி ௰ கொடுத்துப் பாருங்கள், 'வேல்யூஎரர்' வந்து நிற்கும். ௦ முதல் ௯ வரை உள்ளவற்றைத்தான், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரநிலையான யூனிகோடு பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தியிருக்கிறது. ௰, ௱, ௲ அந்த வகையில் சேரவில்லை. இது எந்தக் குறிப்பேட்டிலிருந்து படித்தாலும் மனதில் நிற்காது, தானே தட்டிப் பார்த்தால்தான் நிற்கும்.

கடைசியாக -8. இங்கேதான் பிள்ளைகள் திகைப்பார்கள். எந்த எக்செப்ஷனும் எழாமல், தலைக்கு மைனஸ் தொகை அச்சாகும். மொழிக்கு அது சரியான வகுத்தல் கணக்கு, படகில் எதிர்மறை ஆட்கள் ஏற முடியாது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அந்த விதியை நாம்தான் எழுத வேண்டும், மீறினால் 'ரெய்ஸ்' என்ற கட்டளை கொண்டு எக்செப்ஷனை நாமே எழுப்பவும் வேண்டும்.

மொழிக்கு மொழி இந்த எல்லை மாறும். 5ஐ 0ஆல் வகுத்தால் பைத்தான் நின்றுவிடும், ஜாவாஸ்கிரிப்ட் 'இன்ஃபினிட்டி' (முடிவிலி) என்று விடை தந்துவிட்டு மேலே போகும். கணினிகள் புள்ளி வைத்த எண்களைக் கணக்கிடும் முறைக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை, 0ஆல் வகுப்பதை ஐந்து எக்செப்ஷன்களில் ஒன்றாகச் சொன்னாலும், ஓர் அடையாளக்கொடியை ஏற்றிவிட்டுக் கணக்கைத் தொடர்வதையே இயல்பு நடைமுறையாக வைத்திருக்கிறது. எனவே ஒரு மொழி தானாகத் தரும் காப்பு எதுவரை என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சோதனையின் போக்கே தலைகீழானது. பைத்தான் நிரல்களைச் சோதிக்கும் 'பைடெஸ்ட்' கருவியில் 'ரெய்ஸஸ்' என்று எழுதினால், நாம் எதிர்பார்த்த எக்செப்ஷன் எழுந்தால்தான் சோதனை தேறும். எழாவிட்டால் தோல்வி. எழுந்த எக்செப்ஷனைப் பிடிக்கும் கட்டளை 'எக்செப்ட்'. எதைப் பிடிப்பது என்று சொல்லாமல் வெறும் 'எக்செப்ட்' போட்டு எல்லாவற்றையும் பிடித்து விழுங்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது நிரலை நிறுத்த நாம் அழுத்தும் கன்ட்ரோல்-சியைக்கூட விழுங்கிவிடும். அப்படி எழுதிய நிரலில் சோதிப்பதற்கு எதுவுமே மிஞ்சாது.

இதன் விலை என்ன என்பதற்கு 1996 ஜூன் 4 சாட்சி. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், கிடைமட்ட வேகம் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழுஎண்ணாக மாற்றும்போது, அது அந்த அளவுக்குள் அடங்காததால் எக்செப்ஷன் எழுந்தது. அந்த மாற்றத்துக்குக் காப்பு வைக்கப்படவில்லை, ராக்கெட்டின் போக்கை அளந்து சொல்லும் கருவி நின்றுபோனது. மாற்றாக இருந்த கருவியிலும் அதே மென்பொருள், அதே முடிவு. ஏறத்தாழ 40 நொடியில் ராக்கெட் சிதறியது. ஏரியன் 4க்காக எழுதிய அந்த நிரலை ஏரியன் 5இன் பறக்கும் பாதைத் தரவைக் கொண்டு சோதிக்கவே இல்லை என்று விசாரணைக் குழு எழுதியது.

இனி தமிழ்ச் சொல். 'பிழை' பொருந்தாது. பைத்தானில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'ஃபார்' சுற்று ஒழுங்காக முடிவதே 'ஸ்டாப்இட்டரேஷன்' என்ற எக்செப்ஷனால்தான், அதில் பிழை எங்கே? 'வழு'வை, நிரலில் உள்ள குறையான 'பக்' என்பதற்கு ஏற்கெனவே பலர் புழங்குகிறார்கள், அதை அங்கேயே விடுவது நல்லது. 'விதிவிலக்கு' வேருக்கு நேர்மையானது, எனினும் மதுவிலக்கும் வரிவிலக்கும் கேட்டுப் பழகிய காதுக்கு அது சலுகை மாதிரி ஒலிக்கிறது. சலுகையை யாரும் சோதிக்க மாட்டார்கள்.

என் தேர்வு 'பிறழ்வு'. வரிசை பிறழ்ந்தது, முறை பிறழ்ந்தது என்கிறோம். போய்க்கொண்டிருந்த தடத்திலிருந்து இயக்கம் விலகியது என்ற நடப்பை அது அப்படியே சொல்கிறது, குற்றம் சாட்டவில்லை. வினைகளும் தடையில்லாமல் வருகின்றன: பிறழ்வை எழுப்பு, பிறழ்வை எதிர்கொள். எதிர்கொள்ளும் பகுதி 'பிறழ்வுக் கையாளி', மேலே சொன்ன தலைகீழ்ச் சோதனை 'பிறழ்வுச் சோதனை'. பாடநூலிலும் கலைச்சொல் அகராதியிலும் 'விதிவிலக்கு' இருந்தால் படிக்கும்போது குழம்ப வேண்டாம், அதுவும் இதுவும் ஒன்றையே குறிக்கின்றன. புதிதாக எழுதுகிறவர்கள் 'பிறழ்வு' என்று எழுதலாம்.