துவக்கு வாங்க முன்னர் தோளைக் கேளுங்கள்

பெரும்போக நெல் கதிர் தள்ளுகிற மார்கழி, தை மாதங்களில் என் பிசியோதெரபி அறைக்கு ஒரே மாதிரியான தோள்கள் வரும். புயமும் தோள்மூட்டும் சேரும் இடத்தில் நீலம் பாய்ந்திருக்கும். வயல் எங்கே என்று கேட்டால் மட்டக்களப்பின் உன்னிச்சை, வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்பார்கள். இரவுக் காவலில் துவக்கால் பன்றிக்கு வெடி வைத்தவர்கள்.

போன போகத்தில் அறுபது வயது ஐயா ஒருவர் வந்தார். “மெல்லிசான துவக்கு எண்டுதான் மகன் எடுத்தன். ரெண்டு வெடி வச்சன், மறுகா கை தூக்கேலாது” என்றார். முன்பு அவரிடம் இருந்தது பாரமான இரட்டைக்குழல்.

அவருக்கு நடந்தது இதுதான். சன்னம் முன்னால் பாயும்போது துவக்கு பின்னால் உதைக்கும். துவக்கு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு வேகமாகத் தோளில் வந்து மோதும். 3.6 கிலோ துவக்கில் வெடிக்கிற அதே தோட்டாவை 2.7 கிலோ துவக்கில் வெடித்தால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

அப்படியென்றால் பாரமானதையே வாங்கலாமா? பரணில் இருந்து காவல் காப்பவர் தாராளமாக வாங்கலாம், அவருக்குச் சுமக்கும் வேலை இல்லை. வரம்பில் விடிய விடிய நடப்பவர் கதை வேறு. அவர் ஆறேழு மணித்தியாலம் சுமக்கிறார், வெடி வைப்பது ஒன்றோ இரண்டோதான். பாரத்தில் கை சோர்ந்துவிட்டால் துவக்கைத் தோளில் ஒழுங்காகப் பொருத்த முடியாது, பொருந்தாத துவக்கு இன்னும் மோசமாக உதைக்கும். நடந்து காவல் காப்பவர்களுக்கு நான் 3 கிலோ அளவில் ஒன்றைத்தான் சொல்வேன். மிச்ச உதையைத் தோட்டாவில் குறைக்கலாம். 12 போர் என்ற குழல் அளவுள்ள துவக்கில் 28 கிராம் சன்னம் உள்ள தோட்டாவை விட்டு 36 கிராமுக்குப் போனால், அதே வேகத்தில் உதை ஏறத்தாழ அரை மடங்கு கூடும். பழைய துவக்கு என்றால் குழலில் பொறித்திருக்கும் அளவையும் பாருங்கள். தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றர் என்றால் அதில் 70 மில்லிமீற்றர் தோட்டாவைப் போடவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறும், அது தோள்வலியோடு நிற்காது.

துவக்கில் தோளோடு பொருத்தும் பின்பகுதிதான் கட்டை. அதன் நீளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் சுட்டுவிரல் விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டையின் நீளம் கூட. தோள்குழியில் உட்காராமல் புயத்துக்கு வழுக்கும். நான் பார்க்கிற நீலத் தழும்புகளில் பாதி இதனால்தான். கட்டையின் அடியில் பொருத்துகிற றப்பர் மெத்தை நல்லது, ஆனால் அது கட்டையை இன்னும் நீளமாக்கும். முதலில் திருத்துபவரிடம் கட்டையைக் குறைத்துவிட்டு மெத்தையைப் பொருத்துங்கள்.

உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும்போது கண்ணை மூடுவார், குழல் விலகும். இருட்டில் பக்கத்து வரம்பில் இன்னொரு காவல்காரர் நிற்பார். எனக்குத் தோள்வலியை விட இதுதான் பயம்.

வெடி வைத்து இரண்டு நாளாகியும் கை உயரவில்லை என்றால் நோவெண்ணெய் பூசி உருவ வேண்டாம். கழுத்தடியில் இருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பு வெடித்திருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.