கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, "கை கால் விழுந்துவிட்டது, டாக்டர்" என்று உறவினர்கள் சொன்னதும், அவருடைய பெயரைக் கேட்பதற்கு முன்பே நான் கேட்பது ஒன்றைத்தான்: இவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? பதற்றத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டும் என்பது தெரியும். ஆயினும் பக்கவாதத்தில் எந்தச் சிகிச்சையைத் தரலாம், எதைத் தரவே கூடாது என்பதில் பெரும்பகுதி அந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயியைக் காலை 7.20 மணிக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சும் வரவில்லை. 6.15 மணிக்கு மாட்டுக்கொட்டகை அருகே விழுந்துகிடந்ததை மனைவி பார்த்திருக்கிறார். அதற்கு முன் எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டதற்கு, "ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுத்தார்" என்றார்கள். பாதிப்பு தொடங்கிய நேரம் தெரியாதபோது, கடைசியாக நலமாக இருந்த நேரத்தையே தொடக்கமாகக் கொள்வது மருத்துவ விதி. அந்தக் கணக்கின்படி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி யோசிக்க இடமில்லை. அப்போது அவருடைய மகன், "மும்முனை மின்சாரம் விடியற்காலையில்தான் வரும், அப்பா எழுந்து மோட்டார் போடப் போயிருப்பாரே" என்று முணுமுணுத்தபடி தந்தையின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். 5.10 மணிக்குப் பக்கத்து வயல்காரரை அழைத்து இரண்டு நிமிடம் பேசியிருந்தது பதிவில் இருந்தது. அவரை அழைத்துக் கேட்டோம். பேச்சில் எந்தக் குழறலும் இல்லை, வழக்கம்போலத் தண்ணீர் முறையைப் பற்றிப் பேசினார் என்றார். ஒன்பது மணி நேரம் என்றிருந்தது இரண்டேகால் மணி நேரமாகச் சுருங்கியது. ஸ்கேன் முடிந்து 8.15 மணிக்கு ஊசி போட்டோம்.

இந்த நேரக் கணக்கு எங்கிருந்து வருகிறது? பக்கவாதங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85, மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் கட்டி அடைப்பதால் வருபவை. மீதியுள்ளவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. அடைப்பு ஏற்பட்டதும் அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் இறந்துவிடுவதில்லை. வாய்க்கால் அடைபட்ட வயலில் நடுப்பகுதி காய்ந்து சருகாகிவிட்டாலும், அக்கம்பக்கத்து மடைகளிலிருந்து கசியும் ஈரத்தால் ஓரத்துப் பயிர் வாடித் தலைசாய்ந்தும் உயிரோடு நிற்பதைப் போல, மூளையிலும் நடுவில் இறந்த பகுதியும் அதைச் சுற்றிச் செயலிழந்து, ஆனால் இன்னும் இறக்காத பகுதியும் இருக்கும். எங்கள் அவசரம் எல்லாம் அந்த ஓரத்துப் பயிருக்காகத்தான். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு.

ஆல்டிபிளேஸ் என்னும் கட்டி கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்துடனோ மீள்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை 1995இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு நிறுவியது. 2008இல் அந்த வரம்பு நாலரை மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. இப்போது ஒரே தடவையில் செலுத்திவிடக்கூடிய டெனெக்டிபிளேஸும் பயன்பாட்டில் இருக்கிறது. நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் நிதானமாகப் புறப்பட வேண்டாம். முதல் மணி நேரத்தில் போடும் ஊசியின் பயனும் நான்காவது மணி நேரத்தில் போடுவதன் பயனும் ஒன்றல்ல.

மாரடைப்பு என்றால் வலியே ஆளை மருத்துவமனைக்கு ஓட வைத்துவிடும். பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் வீட்டிலேயே நேரம் கரைகிறது. கை மரத்துப்போயிற்று, படுத்த வாக்கு சரியில்லை என்று தைலம் தேய்ப்பார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தம் இடக்கை செயலிழந்திருப்பதே உணர்வில் இருக்காது. "எனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று அவர்களே உறுதியாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லை நம்பி வீட்டார் காத்திருந்துவிடுகிறார்கள். நோயாளி சொல்வதைவிட உங்கள் கண் காண்பதை நம்புங்கள்: சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, ஒரு சிறு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடியாத தள்ளாட்டத்தோடு திடீரெனத் தலைசுற்றுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கப் பார்வை மங்குவது ஆகியவையும் பக்கவாதமாக இருக்கலாம். இவற்றைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எலுமிச்சைச் சாறு என்றதும் நினைவுக்கு வருகிறது: வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசைகள் பாதிக்கப்பட்டிருந்தால் அன்போடு ஊற்றிய காபி நுரையீரலுக்குள் போகும். பக்கவாதத்திலிருந்து தப்பியவர் நிமோனியாவில் சிக்கிக்கொள்வார். ஆஸ்பிரின் மாத்திரையும் அப்படித்தான். மாரடைப்புக்கு உடனே ஆஸ்பிரின் என்ற செய்தி மக்களிடம் நன்றாகச் சென்று சேர்ந்திருக்கிறது, அது நல்லதே. ஆனால் மூளையில் இருப்பது அடைப்பா, கசிவா என்று தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் 190 இருக்கிறதே என்று நாக்கின் அடியில் மாத்திரை வைத்து அனுப்பும் வழக்கம் சில சிறிய கிளினிக்குகளில் இன்னும் இருக்கிறது. அடைபட்ட குழாயைத் தாண்டி ரத்தத்தை அனுப்ப உடல் செய்யும் முயற்சியாகவும் அந்த உயர்வு இருக்கலாம். சட்டென்று இறக்கினால் ஓரத்துப் பயிரும் கருகும். ஊசி போடுவதானால் 185/110க்குள் கொண்டுவருவோம். போடாதபோது 220/120 வரைகூடப் பொதுவாக அவசரப்பட்டு இறக்க மாட்டோம். புறா ரத்தம் தடவுவதைப் பற்றி நான் சொல்லவேண்டிய குற்றம் ஒன்றுதான்: புறாவைத் தேடி அலையும் நேரம்.

மருத்துவமனைக்கு வந்ததும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். சர்க்கரை அளவு மிகவும் இறங்கினால் அது பக்கவாதத்தை அப்படியே நடிக்கும், குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து "என்னை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. அடுத்தது சி.டி. ஸ்கேன். இங்கேதான் குடும்பத்தாரோடு எங்களுக்கு வாக்குவாதம் வருகிறது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறீர்கள், பிறகு எதற்கு இவ்வளவு விலையில் ஊசி?" என்பார்கள். அடைப்பினால் வந்த சேதம் முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. கசிவு இருந்தால் உடனே தெரியும். கசிவு இல்லை என்று அறியத்தான் அந்தப் படம். படம் ஏறக்குறைய இயல்பாக இருப்பது நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம், நோய் இல்லை என்பதற்கு அல்ல.

பிறகு ஒப்புதல் கையெழுத்து. 1995ஆம் ஆண்டு ஆய்வில் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நிலையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டது. இதை நான் மறைப்பதில்லை. அதைக் கேட்டதும் "திருப்பூரிலிருந்து மாமா வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்து முடிவு சொல்லட்டும்" என்பார்கள். பெரியவர்களைக் கலந்து முடிவெடுப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம்தான். ஆனால் மாமா பேருந்தில் வரும் இரண்டு மணி நேரத்தில், எதற்காக அவரிடம் கேட்கிறோமோ அந்த வாய்ப்பே போய்விடும். அவரைக் கைப்பேசியில் அழைத்து என்னிடம் கொடுங்கள்; நானே பேசுகிறேன்.

பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு, தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையின் பயன் 2015இல் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. மூளையில் காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருப்பதாகப் படங்களில் தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்ய இடமுண்டு என்று 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே காலையில் எழும்போதே பாதிப்போடு எழுந்தவரை, "நேரம் கடந்துவிட்டது" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். கால் மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்ட பலவீனத்துக்கும் அதே நாளில் வாருங்கள். அப்படிச் சரியாகி, கோயில் திருவிழா முடியட்டும் என்று இருந்த ஓர் அம்மா, இரண்டாம் நாள் பேச்சிழந்த நிலையில் வந்தார்.

எங்கே போவது என்பதையும் நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். அருகில் உள்ளது என்பதற்காக ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய், அங்கே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு, பிறகு பரிந்துரைக் கடிதத்தோடு கிளம்பி வருபவர்களின் நாலரை மணி நேரம் வழியிலேயே முடிந்துபோகிறது. 108ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சந்தேகிக்கிறோம், இரவு பகல் சி.டி. எடுக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் எங்கள் முடிவே மாறக்கூடும். எடை எவ்வளவு என்று தெரிந்திருந்தால் நல்லது, ஊசியின் அளவு அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இன்னொன்று: ஆம்புலன்ஸில் பெரும்பாலும் தூக்கிவிட வலுவுள்ள இளைஞர்கள் இருவர் ஏறி வருகிறார்கள், அவர் விழுவதைக் கண்ணால் பார்த்த மனைவியோ பேத்தியோ வீட்டு வாசலில் அழுதபடி நின்றுவிடுகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வாருங்கள். இடமில்லையென்றால், நான் அழைக்கும்போது எடுத்துப் பேச ஒரு கைப்பேசியையாவது அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.