சயின்டிஃபிக் நோட்டேஷன்: தமிழ்ல இதுக்கு என்ன பேரு?

வேதியியல்ல துகள்கள எண்ணுறதுக்கு வச்சிருக்கிற அவகாட்ரோ எண்ண முழுசா எழுதணும்னா 602214076ன்னு எழுதிட்டு பின்னாடியே 15 சைபர் போடணும். எலக்ட்ரானோட மாஸ கிலோகிராம்ல எழுதுனா புள்ளிக்கு அப்புறம் 30 சைபர் தாண்டிதான் முதல் 9 வரும். எழுதுறவனுக்கும் எண்ணி முடியாது படிக்கிறவனுக்கும் எண்ணி முடியாது, நடுவுல ஒரு சைபர் விட்டுப்போனா பத்து மடங்கு தப்பு, அதுவும் கண்ணுக்கே தெரியாது. அதனாலதான் 6.02214076×10²³, 9.109×10⁻³¹ அப்படின்னு சுருக்கி எழுதுறாங்க, இந்த எழுதுற முறைக்குத்தான் சயின்டிஃபிக் நோட்டேஷன்னு பேரு.

விதி ரொம்ப சின்னது. முன்னாடி நிக்கிற எண் 1க்கு குறையக்கூடாது, 10ஐ தொடக்கூடாது, அதாவது புள்ளிக்கு இடதுபக்கம் சைபர் இல்லாத ஒரே ஒரு இலக்கம். அப்புறம் பெருக்கல் குறி, 10, அதோட தலைமேல ஒரு முழு எண். 12.5×10⁴ன்னு எழுதுனா மதிப்பு சரிதான், ஆனா முறை தப்பு, 1.25×10⁵ன்னுதான் எழுதணும்.

இப்ப சொல்லுக்கு வருவோம். நோட்டேஷனுக்கு வேர் லத்தீன்ல நோட்டா, அடையாளம் இல்ல குறின்னு அர்த்தம். தலைமேல நிக்கிற எண்ண எக்ஸ்போனன்ட்னு சொல்றாங்கல்ல, அதுவும் லத்தீன்தான், வெளிய எடுத்து வைக்கிறதுங்கிற அர்த்தத்துல வர்ற வினைச்சொல்லு. 1544ல மைக்கேல் ஸ்டிஃபெல்ங்கிற ஜெர்மன் கணக்கு ஆளு இத புழக்கத்துல விட்டாரு. ஆனா இப்ப நாம எழுதுற மாதிரி எண்ண தூக்கி மேல சின்னதா வைக்கிற பழக்கம் 1637ல பிரெஞ்சு கணக்கு ஆளு தெகார்த்தே எழுதுன வடிவியல் நூலுக்கு அப்புறம்தான் நிலைச்சுது. தலைமேல மைனஸ் எண் வைக்கிற யோசனைய அதுக்கும் முன்னாடியே, 1484ல நிக்கோலா ஷுக்கேங்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி வச்சிருந்தாரு, ஆனா அந்த கையெழுத்துப் பிரதி அச்சுக்கே வராம பல நூறு வருஷம் கிடந்துச்சு, அதனால பேர் அவருக்கு போகல.

தமிழ்ல எக்ஸ்போனன்டுக்கு அடுக்குன்னு வச்சாங்க பாருங்க, எனக்கு லத்தீன் சொல்ல விட இதுதான் புடிக்கும். வெளிய எடுத்து வைக்கிறதுன்னா அது எங்க நிக்குதுன்னு மட்டும்தான் சொல்லுது, அடுக்குன்னா என்ன நடக்குதுன்னே சொல்லுது, 10×10×10ன்னு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குறது. இலக்கணத்துல பாம்பு பாம்புன்னு வந்தா அடுக்குத்தொடர்ங்கிறோம்ல, அதே அடுக்குதான். சிலர் படின்னும் எழுதுவாங்க, ஆனா படிக்கு ஏற்கனவே ஏகப்பட்ட வேலை இருக்கு, மாடிப்படி, அளக்குற படி, நகல், சொன்னபடி, எல்லாத்துக்கும் அதேதான். கீழ நிக்கிற 10க்கு அடிமானம். இந்த ரெண்டு சொல்லுலயும் சண்டையே இல்ல.

சண்டை முழு பேருலதான். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு கணக்கு புத்தகத்துல அறிவியல் குறியீடுன்னு இருக்கு. இலங்கை பாடப்புத்தகத்துல விஞ்ஞானமுறைக் குறிப்பீடு. அறிவியல் குறிமானம்னு எழுதுறவங்களும் இருக்காங்க. இதுபோக பிரிட்டன்ல இதையே ஸ்டாண்டர்ட் ஃபார்ம்னு சொல்றதால திட்ட வடிவம்னு ஒரு மொழிபெயர்ப்பும் சுத்துது, ஆனா பல்லுறுப்புக்கோவைக்கும் அதே திட்ட வடிவம்தான், பையன் எதை நினைப்பான்?

என் கட்சி என்னன்னா குறியீடு இங்க அவ்வளவா ஒட்டல. அஞ்சல் குறியீடுல அது கோடு, கவிதைல அது சிம்பல், விலைவாசி பேசும்போது குறியீட்டெண். அறிவியல் குறியீடுன்னு முதல்தடவ கேக்குறவருக்கு ஆய்வகத்து சுவத்துல ஒட்டுற ஏதோ சின்னம்னுதான் தோணும். நோட்டேஷன்ங்கிறது ஒரு குறி இல்ல, குறிக்கிற முறை, அப்ப அறிவியல் குறிமுறைன்னா நேரா வந்து உக்காருது. அந்த வகையில இலங்கைக்காரங்க முறைங்கிறத உள்ள கொண்டுவந்தது நல்ல யோசனை. சின்ன பசங்களுக்கு வாயால சொல்லிக்குடுக்கும்போது பத்தடுக்கு முறைன்னு சொல்லிப் பாருங்க, விளக்கமே தேவைப்படாது. பரீட்சைல மட்டும் புத்தகத்துல இருக்கிறதையே எழுதச் சொல்லுங்க, திருத்துறவரோட மல்லுக்கட்ட வேணாம்.

சரி, இந்த முறை வர்றதுக்கு முன்னாடி பெரிய எண்ண எப்படி சமாளிச்சாங்க? பேர் வச்சுத்தான். தமிழ்ல ஆம்பல், தாமரை, வெள்ளம், சங்கம்னு பெரிய எண்களுக்கு பேர் இருந்துச்சு, ஆனா எது எவ்வளவுங்கிறது பட்டியலுக்கு பட்டியல் மாறும். இது நம்ம பிரச்சினை மட்டும் இல்ல, பில்லியன்னா பிரிட்டன்ல முன்னாடி 10¹², அமெரிக்காவுல 10⁹, 1974லதான் பிரிட்டன் அரசாங்கம் நாங்களும் 10⁹க்கு மாறிக்கிறோம்னு சொல்லுச்சு, பழைய புத்தகத்த எடுத்தா இன்னமும் எந்த பில்லியன்னு பாக்கணும். 10⁹ன்னு எழுதிட்டா அந்த கேள்விக்கே இடம் இல்ல.

சின்ன எண்ணுலயும் இதே கதைதான், இங்க நம்ம பின்னக் கணக்கு அசத்தல். ஒண்ணுல 320ல ஒரு பங்கு முந்திரி, அந்த முந்திரிலயும் 320ல ஒரு பங்கு கீழ்முந்திரி, அத 21 கூறு போட்டா ஒரு கூறு இம்மி. கணக்கு போட்டா 2150400ல ஒரு பங்கு, பத்தடுக்குல சுமார் 4.65×10⁻⁷. இம்மியளவும் நகரமாட்டேன்னு சொல்றவரு தெரியாமலே ஒரு துல்லியமான எண்ண சொல்லிட்டு போறாரு. ஆனா இம்மிய அதவிட சின்ன பின்னமான மும்மியோட பெருக்கச் சொன்னா? பேர வச்சு பெருக்க முடியாது.

இந்த பத்தடுக்கு யோசனைக்கு பக்கத்துல முதல்ல போனவர் ஆர்க்கிமிடீஸ். பிரபஞ்சம் முழுக்க மணல கொட்டுனா எத்தனை மணின்னு கணக்கு போட்டாரு. கிரேக்கத்துல அப்ப பெரிய எண்ணுக்கு பேரு மிரியட்தான், அது 10,000. அவரு மிரியட் மிரியட்ட, அதாவது 10⁸ஐ, புது அலகா எடுத்துகிட்டு ரெண்டாம் வரிசை, மூணாம் வரிசைன்னு மேல மேல ஏறினாரு, கடைசில வந்த விடை எட்டாம் வரிசையில ஆயிரம் மிரியட். நம்ம எழுத்துல 10⁶³. கையில சைபரும் இல்ல, அடுக்குக் குறியும் இல்ல, ஆனா எத்தனாவது அடுக்குல நிக்கிறோம்னு சொன்னா போதும்ங்கிற யோசனை அங்கயே இருக்கு.

முறையோட லாபம் கணக்குலதான் தெரியும். சூரியனோட மாஸ் 1.989×10³⁰ கிலோகிராம், பூமியோடது 5.97×10²⁴. எத்தனை மடங்கு? 1.989ஐ 5.97ஆல வகுத்தா 0.333, அடுக்க கழிச்சா 6, அப்ப 0.333×10⁶, முறைப்படி 3.33×10⁵. மூணு லட்சத்து முப்பத்து மூவாயிரம் மடங்கு, முடிஞ்சுது. கூட்டல்ல மட்டும் உஷார், அடுக்கு ஒண்ணா இருந்தாதான் கூட்டலாம், 3×10⁸ கூட 2×10⁵ஐ கூட்டணும்னா ரெண்டாவத 0.002×10⁸ஆ மாத்தணும், விடை 3.002×10⁸. இத 5×10¹³ன்னு எழுதுறவங்க உண்டு.

மைனஸ் அடுக்குலயும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். ஹைட்ரஜன் அணுவோட ஆரம் (நீல்ஸ் போர்ங்கிற விஞ்ஞானி பேரால போர் ஆரம்னு சொல்றது) 0.0000000000529 மீட்டர், புள்ளிய வலதுபக்கம் 11 இடம் தள்ளுனா 5.29, அதனால 5.29×10⁻¹¹. அந்த மைனஸ் வகுத்தல சொல்லுது, அணு சைபருக்கு கீழ போயிடல! எண் மைனஸா இருந்தா மைனஸ் 5.29க்கு முன்னாடி வரும்.

இன்னொரு நன்மை, பலபேர் கவனிக்கிறதில்ல. 5000 மீட்டர்னு எழுதுனா அந்த சைபர்லாம் அளந்து வந்ததா, சும்மா இடத்த நிரப்ப வந்ததான்னு தெரியாது. 5×10³ன்னா ஒரு இலக்கம்தான் உறுதி, 5.000×10³ன்னா நாலும் அளந்தது. இயற்பியல் புத்தகத்துல முக்கிய எண்ணுருக்கள்னு வர்றது இதுதான்.

கடைசியா கம்ப்யூட்டர் சமாச்சாரம். பழைய அச்சு மெஷின்ல எண்ண தலைமேல ஏத்த வழி இல்லாததால 1956லயே ஃபோர்ட்ரான் மொழியில பத்தடுக்குக்கு பதிலா இங்கிலீஷ் ஈ எழுத்த போட்டாங்க, 6.02ஈ23ன்னா 6.02×10²³. கால்குலேட்டர், எக்செல் எல்லாத்துலயும் இன்னிக்கும் அதே ஈ தான். இதுல ஒரு வில்லங்கம், 2310009ஈ13ன்னு ஒரு மரபணு அடையாளம் இருக்கு, ஜப்பானோட ரிகென் நிறுவனம் குடுத்தது, எக்செல்ல அடிச்சா அத பத்தடுக்குன்னு நினைச்சு 2.31ஈ+19ன்னு காட்டும். இப்படி ஆராய்ச்சி பட்டியல்கள் கெட்டுப்போறத 2004லயே கட்டுரையா எழுதி எச்சரிச்சாங்க. நீள நீளமான அக்கவுன்ட் நம்பருக்கும் இதே கதி, அதுலயும் எக்செல் 15 இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்கும், மிச்சத்த சைபராக்கிடும், அப்புறம் செல்ல அகலமாக்குனாலும் ஃபார்மட்ட மாத்துனாலும் பழைய எண் திரும்ப வராது. ஒட்டுறதுக்கு முன்னாடியே அந்த நெடுவரிசைய டெக்ஸ்ட்னு மாத்தி வச்சிடுங்க.