உப்பு ஊறிய சுவருக்கு சிமென்ட் பூசாதீர்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் பல வருஷமாக மூடிக்கிடந்த பழைய தோல் மண்டி ஒன்றை, பிள்ளைகள் படம் வரையவும் தெருக்கூத்துப் பழகவும் பொது இடமாக மாற்றப்போகிறோம், வந்து பாருங்கள் என்று சில இளைஞர்கள் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகப் போனேன். போன வருஷம்தான் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அதற்குள் முழங்கால் உயரத்துக்கு உப்பிவிட்டது. ஒரு பத்தையைப் பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவாகக் கொட்டுகிறது, கையெல்லாம் வெள்ளைப் பொடி.

"கொத்தனார் சரியா பூசலைங்க சார்" என்றார் ஒருவர். இல்லை தம்பி, அவர் மேல் தப்பே இல்லை.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி அடுக்கி வைத்த இடம் அது. அந்த உப்பு தரையிலும் சுவரிலும் ஊறிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கரையும், வெயில் அடித்தால் திரும்பவும் கெட்டியாகும். அப்படிக் கெட்டியாகும்போதெல்லாம் செங்கலின் நுண்துளைகளை நெம்பி உடைக்கும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே வந்துவிடும், உப்பும் காரையோடு உதிரும், செங்கல் தப்பிக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பிளாஸ்டிக் பெயிண்டும் அப்படித்தான்.

முதலில் மச்சு ஒழுகுவதை நிறுத்துங்கள். அப்புறம் சிமென்டைப் பக்குவமாகப் பெயர்த்து, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்த காகிதக்கூழைச் சுவரில் அப்பிக் காயவிட்டால், காயக்காய உப்பை இழுத்துக்கொள்ளும். ஒரு தடவையில் தீராது. கடைசியாகத்தான் சுண்ணாம்புப் பூச்சு, அதையும் சில வருஷத்தில் மாற்ற வேண்டிவரும் என்று மனதில் வையுங்கள். சுவரில் நேராகப் படம் வரையும் ஆசையைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள், பலகையில் வரைந்து சுவரை ஒட்டாமல் மாட்டலாம்.

இன்னொன்று, மாடி மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய பழைய முறைத் தளம். உத்திரக் கட்டைகளின் முனை சுவருக்குள் இருப்பதால் கரையானும் ஈரமும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், இரண்டு கட்டையில் அப்படியே இறங்கியது. பத்துப் பேர் சலங்கை கட்டி அடவு வைத்தால் தாங்காது, கூத்து கீழேதான்.

பக்கத்தில் தோல் பதனிட்ட தொட்டிகள் இருந்திருந்தால், பிள்ளைகளைத் தரையில் உட்கார வைப்பதற்கு முன் மண்ணில், தோல் பதனிடப் பயன்படுத்தும், உடம்புக்குக் கெடுதலான குரோமியம் இருக்கிறதா என்று கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

அந்த மண்டியில் தெற்குச் சுவரில் இப்போது மூன்றாவது முறையாகக் காகிதக்கூழ் காய்கிறது. அதுவரை கூத்துப் பயிற்சி முற்றத்து வேப்பமரத்தடியில்.