ஃபில்லரை வயிற்றில் வைத்திருக்கும் பேனா

சீனத்து ஹீரோ பேனாவில் மை நிரப்பியவர்களுக்கு அந்தச் சின்னச் சடங்கு மறந்திருக்காது. பின்பக்க உடலைக் கழற்றினால் உள்ளே ஓர் உலோக உறை. அதன் பக்கவாட்டில் விரலுக்கு வாகாக ஒரு தகடு. நிப்பு முங்கும்வரை மைப்புட்டிக்குள் விட்டு, தகட்டை அழுத்தி விடுவோம். மைக்குள் குமிழிகள் கொப்பளிக்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி குமிழிகள். நாலைந்து முறை அழுத்திய பிறகு குமிழிகள் அடங்கிவிடும். பேனா நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவோம். மை உள்ளே ஏறியதை யாரும் பார்த்ததில்லை. கண்ணில் பட்டதெல்லாம் காற்று வெளியே வந்ததுதான்.

விஷயம் முழுவதும் அந்தக் குமிழிகளில் இருக்கிறது. பேனா மையை ‘உறிஞ்சுகிறது’ என்று சொல்கிறோம். உண்மையில் பேனாவுக்கு உறிஞ்சத் தெரியாது. உள்ளே இருக்கும் காற்றில் கொஞ்சம் குறைந்தால், புட்டியின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் மையை உள்ளே தள்ளிவிடும். அதற்கு இருக்கும் பலம் அபாரமானது: தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். பேனாவில் மை ஏற வேண்டிய உயரமோ ஐந்து சென்டிமீட்டர். அதாவது உள்ளழுத்தம் அரை சதவீதம் குறைந்தாலே மை மேல்வரை ஏறிவிடும். ஆகவே மையைக் கொண்டுவருவது பேனா செய்தவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. காற்றை வெளியேற்றுவதுதான் பிரச்சினை. தானே மை நிரப்பிக்கொள்ளும் பேனாவின் வரலாறு, காற்றைக் காலி செய்ய வைத்த வழக்குகளின் வரலாறு.

முதலில் இந்த வழக்கே இல்லை. பழைய பேனா வெறும் குழாய். கழுத்தைத் திருகிக் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடி ஃபில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாய் திறந்திருப்பதால் மை இறங்க இறங்கக் காற்று தன்பாட்டில் வெளியேறும். வகுப்பில் மை தீர்ந்தவனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் எண்ணிப் பத்துச் சொட்டுக் கடன் கொடுத்ததெல்லாம் இந்த வகைப் பேனாவின் புண்ணியம். எழுதும்போது வேறு சிக்கல்: மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் பேனா அடைத்துக்கொள்ளும், அதிகம் வந்தால் கொட்டிவிடும். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மெல்லிய பிளவுகளை வெட்டி, மை ஒரு வழியில் இறங்கவும் காற்று ஒரு வழியில் ஏறவும் செய்தார் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன். 1884-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எழுதுவது ஒழுங்குக்கு வந்தது. நிரப்புவது மட்டும் அப்படியே இருந்தது. கழுத்தைக் கழற்றும்போது விரலெல்லாம் மை. அவசரத்துக்குத் தேடினால் ஃபில்லர் கிடைக்காது.

அமெரிக்காவின் டொலிடோ நகரத்து ராய் காங்க்ளின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி செய்தார். பேனாவுக்குள் ஒரு ரப்பர்ப் பையை வைத்தார். பையின் மேல் நீளமான உலோகத் தகடு. தகட்டோடு சேர்ந்த பிறை வடிவ வளைவு ஒன்று பேனாவின் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும். பிறையை அழுத்தினால் தகடு பையை நசுக்கும், காற்று நிப்பு வழியாக ஓடும். விரலை எடுத்தால் ரப்பர் பழைய உருவத்துக்கு விரியும், மை ஏறும். சட்டைப்பையில் தவறுதலாக அழுந்திவிடாமல் தடுக்க, பிறைக்கு அடியில் ஒரு சுழல் வளையம். எழுத்தாளர் மார்க் ட்வெயினுக்கு இந்தப் பேனா மிகவும் பிடித்துப்போயிற்று. தன் ஃபில்லரைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது, தொலைக்க முயன்றாலும் தொலைக்க முடியாது என்று பாராட்டினார். பிறை துருத்திக்கொண்டிருப்பதால் மேசையிலிருந்து உருண்டு விழாது, ஆகவே வாயில் வசவும் வராது என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

பிறை கையில் உறுத்தும் என்பதை அவர் சொல்லவில்லை. அயோவா மாநிலத்தில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷேஃபர் அந்த உறுத்தலைத் தீர்த்தார். பேனாவின் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோல், உடலோடு உடலாகப் படுத்திருக்கும். நகத்தால் கிளப்பினால் உள்முனை தகட்டைத் தள்ளும், தகடு பையைத் தட்டையாக்கும். மூடினால் தகட்டின் ஸ்பிரிங்கே நெம்புகோலைப் பள்ளத்துக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தனிப் பூட்டுத் தேவையில்லை. 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு இந்தத் தொழிலில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் காப்புரிமையைத் தாண்டிக் குதிக்கும் வேலை. ரப்பர்ப் பையை நசுக்க எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் செய்து பார்த்தார்கள். பார்க்கர் பேனாவின் வால்மூடியைக் கழற்றினால் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உள்ளே தகடு வில்லாக வளைந்து பையை நசுக்கும். உடலில் ஒரு பிளவு மட்டும் விட்டு, நாணயத்தை நுழைத்து அழுத்தச் சொன்னது ஒரு வகை. துளைக்குள் தீக்குச்சியை விட்டு அழுத்துவது ஒன்று. வால்துளையில் வாயை வைத்து ஊதி, பையைச் சுருங்க வைப்பது ஒன்று. ஃபில்லரைத் தேடி அலைந்த காலம் போய் நாணயத்தையும் தீக்குச்சியையும் தேடும் காலம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. தகடு பையை முழுவதுமாக நசுக்காது. ஓரங்களில் காற்று தங்கும். பத்தில் எட்டுப் பங்கு காற்று வெளியேறினால் ஏறக்குறைய எட்டுப் பங்கு மைதான் ஏறும். இன்னொரு முறை அழுத்தினால் என்ன? அதில்தான் வேடிக்கை. நிப்பு கீழ்நோக்கி இருக்கிறது, பையின் வாயும் கீழேதான். உள்ளே வந்த மை அடியில் நிற்கும், மிச்சக் காற்று மேலே மிதக்கும். அழுத்தினால் முதலில் வெளியேறுவது வாயருகே இருக்கும் மை. விட்டால் அதே மை திரும்ப ஏறும். நூறு முறை அழுத்தினாலும் மேலே இருக்கும் காற்று அசையாது. ஒரே வாசல் உள்ள வீட்டில் வந்தவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவன் எப்படி வெளியேறுவான்?

அப்படியானால் ஹீரோ பேனாவில் மட்டும் நாலாவது அழுத்தலிலும் குமிழி வந்தது ஏன்? அந்தப் பையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டையிலிருந்து பையின் உச்சிவரை முடி மாதிரி ஒரு மெல்லிய குழாய் போகும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கு என்று தெரியாமல் திரும்பச் செருகியவர்களில் நானும் ஒருவன். அந்தக் குழாய்தான் வாசலை மாடிக்குக் கொண்டுபோகிறது. அழுத்தும்போது குழாயின் மேல்வாய் காற்றுக்குள் இருப்பதால், வெளியேறுவது காற்று. விடும்போது மை குழாய் வழியாக ஏறி, உச்சியில் வழிந்து பைக்குள் விழுகிறது. விழுந்த மை அடியில் தங்கிவிடுகிறது. அடுத்த அழுத்தலில் அதற்கு வெளியேற வழி அநேகமாக இல்லை. ஒவ்வொரு அழுத்தலும் கொஞ்சம் காற்றைக் கழித்துக் கொஞ்சம் மையைச் சேர்க்கிறது. மை குழாயின் வாயைத் தொட்டதும் குமிழி நிற்கிறது. ஒரு வைக்கோல் அளவு கூட இல்லாத குழாய் செய்யும் வேலை இது. பேனாவில் எனக்குப் பிடித்த பாகம் எது என்று கேட்டால் நிப்பைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இந்தக் குழாயை முழுமையாகப் பயன்படுத்தியது 1933-இல் வந்த பார்க்கர் வாக்குமேட்டிக். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் டால்பெர்க்கின் யோசனை அது. அதில் பையே கிடையாது; பேனாவின் உடலே மைத்தொட்டி. வாலில் மட்டும் ஒரு சிறு ரப்பர்ச் சவ்வு. பொத்தானை அழுத்தினால் சவ்வு, காலுறைக்குள் விரலை விட்டது போலத் தொட்டிக்குள் நீண்டு, தன் பருமனுக்குச் சமமான காற்றை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும்போது அந்த இடத்துக்கு மை வரும். ஒரு அழுத்தலுக்கு ஏறுவது கொஞ்சம்தான். ஆனால் குழாய் இருப்பதால் பத்து அழுத்தலில் தொட்டி நிறைந்துவிடும். 1941-இல் வந்த புகழ்பெற்ற பார்க்கர் 51 முதலில் இப்படித்தான் நிரம்பியது. 1948-இல் அதற்கு எஃகு உறையும் அழுத்துத் தகடும் கொண்ட பை வந்தது. நம் ஹீரோவின் உறைக்கு முன்னோடி அதுதான். பையை ரப்பருக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். எழுபது ஆண்டுகள் கடந்தும் கெடாமல் வேலை செய்யும் பைகள் இன்றும் கிடைக்கின்றன.

காற்றைத் துரத்துவதற்கு வேறொரு நேர்வழியும் உண்டு: அதன் இடத்தை அடைத்துவிடுவது. பீச்சாங்குழலில் தண்டைக் கடைசிவரை தள்ளினால் காற்று எங்கே போகும்? தண்டை இழுத்தால் தண்ணீர் வரும். பேனாவுக்குள் இதைச் செய்வதில் ஒரு தொல்லை. பிஸ்டன் நாலு சென்டிமீட்டர் நகர வேண்டுமானால், அதைத் திருகும் குமிழும் நாலு சென்டிமீட்டர் வெளியே நீண்டுவிடும். ஹங்கேரியப் பொறியாளர் தியோடர் கோவாச் இதற்கு இரண்டு மரைகளைக் கோத்தார். குமிழ் உடலில் திருகும் மரை நெருக்கமானது. குமிழுக்குள் பிஸ்டன் தண்டு ஓடும் மரை அகலமானது. தண்டு தானாகச் சுற்றாமல் தடுக்கப்பட்டிருக்கும். குமிழைத் திருகினால் அது சில மில்லிமீட்டர் வெளியே வரும். அதற்குள் பிஸ்டன் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விடும். இரண்டு மரைகளின் வித்தியாசம்தான் பிஸ்டன் போகும் தூரம். ஜெர்மனியின் ஹனோவரில் பெலிக்கன் நிறுவனம் 1929-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது பிஸ்டனின் முனையில் இருந்தது தக்கை. பிறகு செயற்கைப் பொருளுக்கு மாறியது. தத்துவம் மாறவில்லை.

லண்டனின் டி லா ரூ நிறுவனம் 1905-இலேயே இதைத் தலைகீழாகச் செய்து காட்டியிருந்தது. ஒனோட்டோ என்ற பேனா. அதன் தண்டை வெளியே இழுக்கும்போது ஒன்றும் நடக்காது. தண்டின் முனையில் இருக்கும் கிண்ண வடிவ அடைப்பு காற்றை ஓரமாக விட்டுவிடும். நிப்பை மையில் வைத்துத் தண்டை உள்ளே தள்ளும்போதுதான் அடைப்பு சுவரோடு இறுகுகிறது. முன்னால் இருக்கும் காற்று நிப்பு வழியாக ஓடுகிறது. பின்னால் வெற்றிடம் உருவாகிறது. தள்ளும் கை அந்தக் கடினத்தை நன்றாக உணரும். தண்டு அடியைத் தொடும் இடத்தில் குழாயின் உள்விட்டம் சற்று அகலம். அங்கே போனதும் அடைப்புக்குப் பிடிப்புப் போய்விடுகிறது. வெற்றிடத்தின் வாசல் திடீரென்று திறக்கிறது. மை ‘விசுக்’கென்று மேலே பாய்ந்து, ஒரே தள்ளலில் பேனா ஏறத்தாழ நிறைந்துவிடும். குமிழைத் திருகி இறுக்கினால் தண்டின் நுனி தொட்டியின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆகவே விமானத்தில் கொண்டுபோனாலும் கசியாது. நீண்ட நேரம் எழுத வேண்டுமானால் குமிழைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இது தெரியாமல், இரண்டு பக்கத்தில் மை நின்றுவிட்டது என்று பேனாவைக் குறை சொன்னவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

பொறியாளர்களின் பிடிவாதம் உச்சத்துக்குப் போனது 1952-இல், ஷேஃபர் ஸ்நார்க்கலில். நிப்பை மையில் முக்குவதே அசிங்கம் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வால்குமிழைத் திருகினால், கொசுவின் கொடுக்குப் போல நிப்புக்கு அடியிலிருந்து ஒரு குழாய் நீளும். குமிழோடு சேர்ந்த உறையை வெளியே இழுத்து, குழாய் நுனியை மட்டும் மையில் வைத்து, உறையைத் தள்ள வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று இறுகிப் பையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக நசுக்கும். தகடு விட்டுவைக்கும் ஓரம் இங்கே இல்லை. தள்ளலின் கடைசியில் இறுகிய காற்று தப்பித்துப் போக, பை விரிந்து மையை ஏற்றிக்கொள்ளும். குமிழைத் திரும்பத் திருகினால் குழாய் உள்ளே போய்விடும். நிப்பு ஈரப்படவே இல்லை, துடைக்கத் துணி வேண்டாம். ஒரு துணித்துண்டை மிச்சப்படுத்த இத்தனை பாகங்களா என்று சிரிப்பு வந்தாலும், அந்தக் குழாய் நீளுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி பார்க்காமல் இருப்பதில்லை.

அதற்கு நேரெதிர் 1956-இன் பார்க்கர் 61. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வைத்த ஒரு குப்பி. பேனாவைத் தலைகீழாக்கி, குப்பியின் வாலை மையில் நிறுத்தினால் போதும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுருளின் இடுக்குகளில் மை தானே ஏறும். காற்றை யாரும் துரத்த வேண்டாம், அது மறுமுனை வழியாக நகர்ந்துவிடும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் தண்ணீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும் என்பதால் உயரம் ஒரு தடையில்லை. குப்பியின் வெளிப்புறத்தில் மை ஒட்டாத டெஃப்லான் பூச்சு. அழகான யோசனைதான்; ஆனால் மை உலர்ந்து இடுக்குகள் அடைத்துக்கொண்டால் கழுவிச் சுத்தம் செய்வது பெரும்பாடு. மை அடைத்தே விற்கும் பிளாஸ்டிக் குப்பிகள் பரவிய பிறகு நிரப்பும் கலைக்கே தேவை குறைந்துபோயிற்று.

ஃபில்லர் பேனா இன்றும் சாகவில்லை. திருவள்ளூரில் எபோனைட் என்ற கடின ரப்பர்த் தண்டைக் கடைசல் பிடித்து, வெறும் குழாயாகவே செய்து விற்கிறார்கள், உலகெங்கும் வாங்குகிறார்கள். தகடும் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் தின்றுவிடும் இடம் முழுவதும் அதில் மைக்குக் கிடைக்கிறது. நெம்புகோல் பேனா ஒரு மில்லிலிட்டர் பிடிக்கும் இடத்தில் இது இரண்டு மூன்று மில்லிலிட்டர் பிடிக்கும். நிரப்பும்போது தொந்தரவு தராத காற்று, எழுதும்போது தன் வேலையைக் காட்டும். மை குறைந்து உள்ளே இரண்டு மில்லிலிட்டர் காற்று இருக்கிறது என்று வையுங்கள். 25 டிகிரியில் இருந்த பேனா உள்ளங்கைச் சூட்டில் 35 டிகிரிக்கு வந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 0.07 மில்லிலிட்டர் விரியும். ஒரு சொட்டு மை என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர். விரிந்த காற்றுக்கு இடம் விட்டு அந்தச் சொட்டு நிப்பின் நுனிக்கு வந்து, எழுதிக்கொண்டிருக்கும் வரியின் மேல் விழும். எபோனைட் சூட்டை மெதுவாகக் கடத்துவதால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் மறுபடி நிரப்பிவிடு என்று பழைய பேனாக்காரர்கள் சொல்வது இதனால்தான்: பேனா நிறைய மை இருந்தால் காற்றுக்கு உள்ளே இடமில்லை.