'பைத்தான் கற்க வேண்டும்' என்பது ஏன் இலக்கு ஆகாது?

"இந்த ஆண்டு பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்வேன்" என்று உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறாள். மூன்று மாதம் கழித்து, "எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அவளிடம் சோம்பல் எதுவும் இல்லை. எழுதிய வாக்கியத்தில்தான் அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஏசி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 24 டிகிரி என்று வைத்தால், அறையின் வெப்பத்தை அது அந்த எண்ணோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருக்கும்வரை இயங்குகிறது. "கொஞ்சம் குளிராக இருக்கட்டும்" என்று சொன்னால் அதற்கு ஒப்பிட ஏதும் கிடைக்காது. மனத்தின் முயற்சியும் பெருமளவு இப்படித்தான் நடக்கிறது. இருக்கும் இடத்துக்கும் சேர வேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால்தான் கை நகரும். "முடிந்ததைச் செய்" என்பதைவிடத் தெளிவான, சற்றே கடினமான இலக்கு அதிகப் பலன் தருகிறது என்பதை எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளில் காட்டினார்கள்.

ஆனால் புதிதாக ஒன்றைக் கற்பவருக்கு இந்த விதி அப்படியே பொருந்துவதில்லை. ஆசிரியர்கள் பலர் தவறவிடும் இடம் இது என்று நினைக்கிறேன். "ஒரு மாதத்தில் ஒரு செயலி உருவாக்குவேன்" என்பது தெளிவான இலக்குதான். ஆனால் அடிப்படையே பிடிபடாத மாணவரின் கவனம் முழுவதையும் அந்த முடிவே விழுங்கிவிடுகிறது. எங்கிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டுகிறார். செயலி ஓடுகிறது, கற்றல் நடக்கவில்லை. 1996-இல் வின்டர்ஸும் லேத்தமும் வெளியிட்ட ஆய்வில், வேலை சிக்கலானதாக இருந்தபோது "இத்தனை முடிக்க வேண்டும்" என்ற இலக்கைவிட "இத்தனை வழிமுறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்" என்ற இலக்கே நன்றாக உதவியது. ஆகவே தொடக்க மாதங்களில் இலக்கு இப்படி இருக்கட்டும்: "பிழைச் செய்தி வந்தால் காரணத்தைத் தேட மூன்று வழிகளைக் கற்பேன்."

இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்? ஆல்பர்ட் பண்டுராவும் டேல் ஷங்கும் 1981-இல் கணிதத்தில் பின்தங்கிய சிறுவர்களுக்குக் கழித்தல் கணக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் ஏழு அமர்வுகளில் 42 பக்கம் முடிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் அமர்வுக்கு ஆறு பக்கம். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே வேலைதான். ஆறு பக்கக் குழு மிக நன்றாகக் கற்றது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் அதற்கு வளர்ந்தது. 42 பக்க இலக்கோ, இலக்கே இல்லாததைவிடப் பெரிதாக எதையும் தரவில்லை.

சரி, முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது? பாட வீடியோவின் அடியில் "80 சதவீதம் முடிந்தது" என்று நீளும் பச்சைக் கோட்டை நம்பாதீர்கள். பார்த்தது எவ்வளவு என்பதையே அது சொல்கிறது, செய்ய முடிவது எவ்வளவு என்பதை அல்ல. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். படித்த கையோடு எழும் "புரிந்துவிட்டது" என்ற நிறைவு நம்மை ஏமாற்றுகிறது.

அதனால் நோட்டில் மணிக்கணக்கை எழுத வேண்டாம். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, எதையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். தேதி, முயன்றது, சிக்கிய இடம் ஆகிய மூன்றும் போதும். சிக்கிய இடம்தான் அந்தப் பக்கத்தின் உயிர். அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்தால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

குறித்த தேதி தள்ளிப்போகும். மனம் தளர வேண்டியதில்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை ஏறக்குறைய 34 நாளில் முடிப்போம் என்று கணித்த மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாட்களுக்கு மேல் ஆனது. தேதி தவறினால் இலக்கைச் சிறிதாக்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த நோட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்ட அன்றே மாணவர்கள் சிக்கல்களை மறைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த மாணவி இப்போது புதிய பக்கத்தில் எழுதுகிறாள்: "வெள்ளிக்கிழமைக்குள், எதையும் பார்க்காமல், மதிப்பெண் பட்டியலின் சராசரியைக் கணக்கிடும் நிரலை எழுதுவேன்." வெள்ளியன்று அதன் கீழே: "எழுதினேன். பட்டியல் காலியாக இருந்தால் பூஜ்ஜியத்தால் வகுத்துப் பிழை காட்டுகிறது. அடுத்த வாரம் அதைச் சரிசெய்ய வேண்டும்."