காலை எட்டு மணிக்கு மடங்காத விரல்கள்

"ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது, மருந்து கேட்கிறது" என்று சொன்னேன். எதிரே இருந்த பெண் "சரி டாக்டர்" என்றார், அவ்வளவுதான். எழுந்து கதவுவரை போனவர் திரும்பிச் சொன்னார்: "போன மாசமே வேலையை விட்டுட்டேன்."

அவருக்கு முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கணக்குப் பிரிவில் வேலை. மூட்டு வீக்கம் வடிந்திருந்தது, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இறங்கியிருந்தன. 'நோய் கட்டுக்குள்' என்று கோப்பில் நானே எழுதியிருந்தேன். அவரை மறுபடி உட்காரச் சொல்லி, முதல் தடவையாக அவருடைய காலைப் பொழுதைப் பற்றிக் கேட்டேன்.

விழித்ததும் விரல்கள் விறைத்துக் கிடக்குமாம். வெந்நீரில் கையை ஊறவைப்பார். குழாயை விரலால் பிடித்துத் திருக முடியாது, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தித் திருப்புவார். தலை வாருவதை வேறு யாராவது செய்ய வேண்டும். ஒன்பதரைக்கு மேல்தான் பேனா கையில் நிற்கும். வேலையோ எட்டு மணிக்கு. பத்து மணிக்கு மேல் அவர் செய்த வேலையில் யாரும் ஒரு பிழை கண்டதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் வாரத்துக்கு மூன்று தாமதம். மேலாளர் திட்டக்கூட இல்லை, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றுதான் சொன்னாராம். அந்த வார்த்தையே அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

இந்த விறைப்புக்குக் காரணம் சோம்பல் இல்லை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் இரவில் ஏறி அதிகாலையில் உச்சத்துக்குப் போகின்றன. சோதனை முடிவுகள் தேறிய பிறகும் சிலருக்கு விறைப்பு மிச்சமிருக்கும். ஒருவருக்கு இருப்பது முடக்குவாதமா என்று வகைப்படுத்த 1987-இல் வந்த விதிகளில் குறைந்தது ஒரு மணி நேரக் காலை விறைப்பு ஓர் அடையாளமாக இருந்தது. 2010-இல் வந்த புதிய விதிகளில் அது இல்லை. மற்ற மூட்டு நோய்களிலிருந்து பிரித்துக் காட்ட அது அவ்வளவாக உதவவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் ஒருவருடைய வேலை நிலைக்குமா என்று தெரிய வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நீண்டகால நோய் என்றால் படுத்த படுக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வேலை அப்படி ஒரே நாளில் போவதில்லை. நோயின் நேரமும் வேலையின் நேரமும் மோதுகிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் ரத்த டயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதைப் பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். இயந்திரத்திலிருந்து எழுந்த பிறகு அடித்துப் போட்டதுபோல் கிடக்கும் மிச்சப் பொழுதை யாரும் கூட்டுவதில்லை. வீட்டிலேயே இரவுத் தூக்கத்தில் செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிஸ் எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவருக்கோ பகல் முழுதும் திரும்பக் கிடைக்கும். பேச வேண்டியது சிகிச்சையைத் தொடங்கும் முன்பு, வேலை போன பிறகு அல்ல.

எனக்கு அதிகம் பயம் தருவது மறைத்து வேலை செய்பவர்கள். இன்சுலின் போடும் ஒருவருக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஏறிக்கொண்டே போனது. சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை என்று நான் கடிந்துகொண்டேன். மூன்றாவது சந்திப்பில் உண்மை வந்தது. வேலை நடுவே சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, வாய் குழறுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஊசியின் அளவை அவரே குறைத்துக்கொண்டிருந்தார். இன்றைய வேலைக்காக நாளைய கண்ணையும் சிறுநீரகத்தையும் அடகு வைத்திருந்தார். அவரிடம் யாராவது 'நடுவில் பத்து நிமிடம் எடுத்துக்கொள், எதையாவது சாப்பிடு' என்று சொல்லியிருந்தால் இது நடந்தே இருக்காது.

2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, வேலையிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தரச் சொல்கிறது. நீண்டகால உடல் பாதிப்புகளையும் அந்த உடன்படிக்கை கணக்கில் எடுக்கிறது. நடைமுறையில் அந்த மாற்றம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும்: தொடங்கும் நேரம், ஒரு நாற்காலி, கழிப்பறைக்குப் பக்கத்தில் மேசை. குடல் அழற்சி நோய் உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்.

மருத்துவர்கள் எழுதும் சான்றிதழும் மாற வேண்டும். 'ஓய்வு தேவை' என்ற ஒற்றை வரி வேலையைக் காப்பாற்றாது. இப்போதெல்லாம், நோயாளி சம்மதித்தால், என்ன முடியும் என்பதை எழுதுகிறேன்: பத்து மணிக்குத் தொடங்கினால் முழு நேரமும் வேலை செய்ய முடியும், தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டச்சு வேண்டாம், இதை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. சொல்வதா வேண்டாமா என்பது நோயாளியின் முடிவு.

மருந்திலும் மாற்றத்துக்கு இடம் இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பது (தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்). மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். விடுமுறைக்கு முந்தைய நாளுக்கு அதை மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். கேட்காததால் மட்டும் வாரம் ஒரு வேலை நாளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் மடங்கியது, எந்த வேலையை நடுவில் விட்டீர்கள். அந்தப் பெண் அப்படி எழுதிக் கொண்டுவந்த தாளில் முதல் வரி: '5.40 எழுந்தேன். 9.25 மூடி திறந்தேன்.' மருந்து நேரத்தை மாற்றினோம், அளவையும் திருத்தினோம். அந்த 9.25, எட்டே காலுக்கு வர நான்கு மாதம் ஆனது. பழைய இடத்தில் அவருடைய நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.